சாம்பிள் துணியில் வைத்த மஞ்சள்

அரசாங்கம் காளிச்சாமிக்கு ஒரு சட்டை தரவேண்டும். வெள்ளைச் சட்டை, முழுக்கை, இரண்டு பக்கமும் பை வைத்தது. ஒரு பையில் சீப்பு இருந்தது. அந்தச் சீப்பும் வரவேண்டும். இதை அவன் சோமனூர் டீக்கடையில் சொல்லியிருக்கிறான், கல்யாணப் பந்தியில் சொல்லியிருக்கிறான், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் சொல்லியிருக்கிறான். அவர்களும் ரோடு, குடிதண்ணீர் மாதிரி இதையும் பார்த்துச் செய்கிறோம் என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். வருஷங்கள் ஓடிவிட்டன. சட்டை வரவில்லை.

சட்டை போனதற்குக் காரணம் ஒரு பொம்பளை. அவளை விட்டுவிட்டு அரசாங்கத்தை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை. அவள் பெயர் கருப்பாத்தாள்.

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வீட்டில் பிறந்து, சோமனூரில் தறிக்குடோன் வைத்திருந்த திருமூர்த்திக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் தறிச் சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று அழுதாளாம். கொஞ்ச நாள் கழித்து அம்மா வீட்டுக்குப் போனால் அங்கே சத்தம் இல்லை, தூக்கம் வரவில்லை என்று மறுநாளே பஸ் ஏறிவிடுவாளாம். திருமூர்த்தி நல்ல மனுஷர். ஆனால் வாயைத் திறந்து பேசவேண்டிய சங்கதி ஏதாவது வந்தால் டீ குடிக்கப் போய்விடுவார். அதனால் நூல் வாங்குவது, கரண்ட் ஆபீசில் சண்டை பிடிப்பது, துணி எடுத்தவனைத் தேடிப் போய்ப் பாக்கி கேட்பது எல்லாம் கருப்பாத்தாள் தலையில் வந்து விழுந்தது. அவள் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. நல்ல சேலையே சண்டைக்குப் போகிற நாளில்தான் கட்டுவாள்.

காளிச்சாமிக்குச் சொந்தமாக ஒரு குட்டி டெம்போ உண்டு. அவன் படிப்பு அஞ்சாவதோடு நின்றது; கோபம் மட்டும் மேற்கொண்டு படித்துக்கொண்டே போனது. கருப்பாத்தாளின் நூலையும் துணியையும் ஏற்றி இறக்குவது அவன் வேலை. அவளை அக்கா என்பான். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனால் சொந்தக்காரர்களிடம் போடுகிற சண்டை முழுசும் இருவருக்குள்ளும் உண்டு.

அவளிடம் ஒரு பழக்கம். புதிதாக எது வந்தாலும் மஞ்சள் வைத்தாகவேண்டும். புதுத்துணிக்கு ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைப்பது எல்லா வீட்டிலும் இருப்பதுதான். கருப்பாத்தாள் துணியோடு நிற்கமாட்டாள். காஸ் சிலிண்டருக்கு வைப்பாள். கரண்ட் மீட்டர் மாற்றினார்கள், அதற்கும் வைத்தாள். ரீடிங் எடுக்க வந்தவன் எண் தெரியாமல் ஊர்ப்பட்ட பில் போட்டுவிட்டுப் போனான். புது செல்போனுக்கு வைத்தபோது சார்ஜர் குத்துகிற ஓட்டைக்குள் மஞ்சள் போய் அடைத்துக்கொண்டது. கடைக்காரன் ஊசியால் தோண்டிக்கொண்டே, “ஏனுங்கம்மா, இதுல சாம்பார் கீம்பார் வெச்சீங்களா?” என்று கேட்டான். காளிச்சாமி டெம்போ வாங்கி வந்த அன்று இரண்டு விளக்கிலும் அப்பிவிட்டாள். கழுவ வெகுநாள் அவனுக்கு மனசு வரவில்லை. அதுவரைக்கும் அவன் வண்டி காமாலை வந்த கண்ணோடுதான் ரோட்டில் ஓடியது.

அப்போது தறிக்காரர்களுக்குக் கெட்ட காலம். கூலிக்கு நெய்யக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பெரிய பெரிய புது மிஷின்கள் பக்கம் போய்விட்டார்கள். அக்கம்பக்கத்துக் குடோன்களில் தறிகளைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். பல்லடத்திலிருந்து ஓர் இரும்புக்காரர் வந்து கருப்பாத்தாளின் தறிகளையும் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் சாக்பீசால் எண் போட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அவள் ஈரத்துணி எடுத்து எல்லா எண்ணையும் துடைத்து, அந்த இடத்தில் மஞ்சள் வைத்தாள்.

“எடை போட்டுத் தூக்கிட்டுப் போறதுக்கு என்ற தறி என்ன கறிக்கோழியா?” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் அரசு விடுதிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டைத் துணி வாங்க டெண்டர் வந்தது. கிடைத்தால் தறி ஓடும். கிடைக்காவிட்டால் இரும்புக்காரர் வருவார். கருப்பாத்தாளுக்கு நடுவில் வேறு வழி இருக்கவில்லை.

டெண்டருக்குச் சாம்பிள் துணி கொடுக்கவேண்டும். அதற்கு ஒரு விதி. துணியில் பெயர், முத்திரை, அடையாளக் குறி எதுவும் இருக்கக்கூடாது. உறையில் போட்டு அரக்கு வைத்துக் கொடுத்தால் ஆபீசில் மேலே ஓர் எண் ஒட்டுவார்கள். யார் துணி என்று தெரியாமல் பரிசோதிக்க வேண்டுமாம். நல்ல விதிதான். காளிச்சாமிக்கே பிடித்திருந்தது.

கருப்பாத்தாள் ஆளை நம்பாமல் தானே தறி ஓட்டினாள். ஓர் இழை அறுந்தாலும் நிறுத்தி முடிச்சுப் போட்டாள். வெளுப்புக்கு அனுப்பி வாங்கிய துணியைக் காளிச்சாமி தொட்டுப் பார்த்தான். தேங்காய்ப் பருப்பு மாதிரி இருந்தது. சாம்பிளுக்கு வெட்டியது போக மீதி இருந்ததை அவனிடம் கொடுத்தாள்.

“ஒரு சட்டை தெச்சுக்கோ காளி. ஆபீசுக்கு வரையில ஆளு மாதிரி வா. உன்ற காக்கிச் சட்டையைப் பார்த்தா நம்மளக் கோழித் தீவன லோடுன்னு நெனச்சுக்குவாங்க.”

அவன் வாழ்க்கையில் யாராவது அவனுக்குத் துணி எடுத்துக் கொடுத்தது அதுதான் இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்தது. டெய்லரிடம் நின்று சண்டை போட்டு இரண்டு பை வைத்துத் தைத்தான். கருப்பாத்தாள் காலருக்கு உள்பக்கம் மஞ்சள் வைத்துக் கொடுத்தாள்.

சாம்பிளை உறையில் போடும்போது அவள் கை மஞ்சள் கிண்ணத்துக்குப் போவதைக் காளிச்சாமி பார்த்தான்.

“ஏனுங்க்கா, குறி எதும் இருக்கக்கூடாதுன்னு போட்டிருக்குதுங்க.”

“குறி வேற, மஞ்சள் வேற.”

“கண்ணுக்குத் தெரியுதுங்களே.”

“தெரியட்டும். மஞ்சள் வெக்காமக் குடுக்கறதுக்கு அது என்ன எழவுத் துணியா? செத்தவங்களுக்குப் போடற கோடித்துணிக்குத்தான் மஞ்சள் வெக்க மாட்டாங்க. இதைப் போட்டுக்கப்போறது பச்சப் புள்ளைங்க, காளி. வெறுந்துணியை எப்படிக் குடுக்கறது?”

ஓரத்தில் ஒரு கடலை அளவுக்கு மஞ்சள் பட்டது. உறை மூடி அரக்கு வைத்தார்கள். டெம்போவில் முன்சீட்டில் உறை உட்கார்ந்து வந்தது. திருமூர்த்தி பின்னால் ஏறிக்கொண்டார்.

பத்துப் பதினைந்து நாளில் பதில் வந்தது. மாதிரித் துணியில் அடையாளக் குறி உள்ளதால் நிராகரிக்கப்படுகிறது.

விஷயம் ஊருக்குள் போகும்போது குறி கறையாக மாறியது. கறைத் துணி கொடுத்து ரிஜெக்ட் ஆன கருப்பாத்தாள் என்று ஆனது. அரசாங்கத்திலேயே வேண்டாம் என்றவள் துணியை நமக்கு எதற்கு என்று, இருந்த ஒன்றிரண்டு கூலி நெசவும் நின்றது. இரும்புக்காரர் போன் போட்டு, “லாரி பக்கத்துலதான் இருக்குதுங்க, சும்மாதான் நிக்குது” என்றார். சாம்பிள் திறந்த அன்று அந்தக் குறியை முதலில் பார்த்துக் கையைத் தூக்கியவர் கோயமுத்தூர்த் துணி வியாபாரி சீனிவாசலு என்பதும், ஆர்டர் அவருக்குத்தான் போகப்போகிறது என்பதும் அடுத்து வந்து சேர்ந்தன.

கருப்பாத்தாள் மேல்முறையீடு போட்டாள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவள் கல்யாணப் பட்டுக்கு அடுத்த நல்ல சேலையைக் கட்டினாள். காளிச்சாமி வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வழித்துச் சீவி, சீப்பைப் பையில் சொருகினான்.

கோயமுத்தூரில் இருந்த அந்த ஆபீசுக்கு அதிகாரி அருள்குமார். வயசு குறைவு, கண்ணாடி கனம். டெண்டர் போட்ட எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார். சீனிவாசலு மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பல்லடத்துத் தறிக்காரர் பாக்கியராஜ், கோயமுத்தூரிலேயே துணிக்கடை வைத்திருக்கும் ஆமினா பீவி. இந்த இரண்டு பேர் துணியும் மேல்மடிப்பில் வெட்டிய துண்டைச் சோதித்ததில் தேறியிருந்தது, ஆனால் அவர்கள் போட்ட விலை கூடுதல். வேடிக்கை பார்க்க வந்த மாதிரிதான் இருந்தார்கள். திருமூர்த்தி வாசல்வரை வந்து, காண்டீன் எங்கே என்று விசாரித்துக்கொண்டு போய்விட்டார்.

“ஏனுங்கம்மா, அடையாளக் குறி கூடாதுன்னு தெளிவாப் போட்டிருக்குதுங்களே?” என்றார் அருள்குமார்.

“அது குறி இல்லீங்க. மஞ்சள்.”

“அந்த மஞ்சள்தானுங்கம்மா குறி.”

“அதைப் பார்த்ததும் இது சோமனூர்க் கருப்பாத்தா துணின்னு உங்களுக்குத் தெரிஞ்சுதுங்களா?”

“தெரியலீங்க.”

“அப்பறம் அது என்னத்துக்கு அடையாளமுங்க?”

அருள்குமார் விதியை எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். சீனிவாசலு நாற்காலியை முன்னால் நகர்த்தினார்.

“அப்படி உட்றக்கூடாதுங்க சார். இந்தம்மா மஞ்சள் வெக்கறது ஊர் முச்சூடும் தெரியும். கரண்ட் மீட்டருக்கே வெச்சவங்க.”

“ஏன், உங்க ஊட்டுல வெக்க மாட்டாங்களா?” என்றாள் கருப்பாத்தாள்.

“வெப்பாங்க. சேலைக்கு வெப்பாங்க. டெண்டருக்கு வெக்க மாட்டாங்க.”

“எங்கம்மாவும் வெப்பாங்கதான்” என்றார் அருள்குமார், யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல. “ஆனா நீங்க வேணும்னே ஆபீசுல யாருக்காவது சாடை காட்ட வெக்கலைன்னு நான் எதை வெச்சுங்கம்மா நம்பறது?”

“காளி, இக்கட்ட வா” என்றாள் கருப்பாத்தாள். “திரும்பி நில்லு.”

அவன் திரும்பினான். அவள் அவன் காலரை வெளியே இழுத்துக் காட்டினாள்.

“பாருங்க. அதே துணி, அதே மஞ்சள். இவன் யாருக்குங்க சாடை காட்டறான்? இவனென்ன டெண்டரா போட்டிருக்கான்?”

ஆபீஸ் சிரித்தது. காளிச்சாமி சுவரைப் பார்த்து நின்றுகொண்டு பல்லைக் கடித்தான். அருள்குமார் எழுந்து வந்து காலரைப் பார்த்தார். துணியையும் விரலால் நெருடிப் பார்த்தார்.

“இது சாம்பிள் நெய்ஞ்ச அதே பாவு நூலுங்களா?”

“அதே பாவு. ஒரே வெளுப்பு.”

“நிராகரிச்சதால உங்க துணியை முழுசாப் பரிசோதனை பண்ணலீங்க. ஒரு மூலையை வெட்டினாங்க, மீதி மஞ்சளோட சாட்சிக்கு இருக்கோணும். இன்னிக்கு மறுபடி பரிசோதனை பண்ணச் சொன்னாத் துணி இல்லை. இதை எடுத்துக்கலாமுங்களா?”

“எடுத்துக்குங்க. கழட்டு காளி.”

காளிச்சாமிக்குத் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று பட்டது.

“ஏனுங்க்கா, உள்ள பனியன் ஓட்டைங்க.”

“ஓட்டை பனியன்லதான? துணியில இல்லைல்ல? கழட்டு.”

“எல்லாம் பாக்கறாங்க்கா.”

“என்ற குடோன்ல இரும்புக்காரன் வந்து தட்டித் தட்டிப் பாத்தப்ப நான் ஏதாச்சும் சொன்னேனா? கழட்டு கண்ணு.”

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவன் பட்டனில் கை வைத்தான். தட்டச்சுப் பெண்கள் கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பதுபோல் அவனை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஆமினா பீவி முக்காட்டை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குமாஸ்தா சட்டையை வாங்கி மடித்து உறையில் போட்டு மேலே ஓர் எண் ஒட்டினார். சீப்போடு. சட்டைக்கு எண் கிடைத்தது; காளிச்சாமிக்கு மூலையில் ஒரு ஸ்டூல் கிடைத்தது.

கருப்பாத்தாள் அத்தோடு விடவில்லை. “என்ற துணியை மட்டும் பிரிச்சுப் பாத்தீங்க. மத்தவங்களுதையும் மூலை மூலையா விரிச்சுப் பாத்துப்போடலாமுங்களே?”

“தாராளமா” என்றார் சீனிவாசலு. அந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவருடைய துணியை மேஜைமேல் வைத்து விரித்தார்கள். முதல் மடிப்பு சுத்தம். இரண்டாவது சுத்தம். சீனிவாசலு மீசையைத் தடவினார். கடைசி மடிப்பின் உள்மூலையில் அழகாக மஞ்சள். மஞ்சளுக்கு நடுவில் குங்குமம் வேறு.

சீனிவாசலு போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். தெலுங்கில் அவர் ஒரு வார்த்தை கேட்டார். அந்தப் பக்கமிருந்து மூச்சுவிடாமல் வந்துகொண்டே இருந்தது.

“என்னங்க சொல்றாங்க?” என்றார் அருள்குமார்.

சீனிவாசலு போனை மூடிக்கொண்டு, “வெக்காம வேற எப்படி அனுப்புவாங்கன்னு கேக்கறாங்க சார்” என்றார்.

“மகராசி” என்றாள் கருப்பாத்தாள். “உங்களுக்கு வாச்சவங்க நல்லவங்க.”

பாக்கியராஜ் எழுந்து, “நம்முளுதுல இந்தப் பிரச்சினையே இல்லீங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க” என்றார். விரித்தார்கள். மஞ்சள் இல்லை. குமாஸ்தா ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால், அரிசி அளவுக்கு ஒரு சிலுவை தைத்திருந்தது.

“கிளாடிஸ்…” என்றார் பாக்கியராஜ், மனைவி எதிரே நிற்பதுபோல. “ஜெபம் பண்ணி அனுப்பலாம்னுதானுங்க பேச்சு. தெச்சது எனக்குச் சத்தியமாத் தெரியாதுங்க.”

ஆமினா பீவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எங்களுதுல ஒரு பொட்டுகூட இருக்காதுங்க, நல்லாப் பாத்துக்குங்க” என்றார். உண்மைதான். ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் உள்மடிப்பைப் பிரித்த மாத்திரத்தில் அறை முழுக்க அத்தர் மணந்தது. மின்விசிறி அதை வாங்கிப் பக்கத்து ஆபீஸ் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று ஒரு பியூன் எட்டிப் பார்த்தான்.

“வாசம் அடையாளத்துல வருமுங்களா?” என்று அருள்குமார் குமாஸ்தாவைக் கேட்டார். குமாஸ்தா விதியை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, “கண்ணுக்குத் தெரியறதைப் பத்தித்தான் சார் இருக்குது. மூக்கைப் பத்தி ஒண்ணும் சொல்லலை” என்றார்.

“துவா ஓதி பீரோவுல வெச்சேன். பீரோவுல அத்தர் பாட்டில் இருந்துது. அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?” என்றார் ஆமினா பீவி.

அருள்குமார் கண்ணாடியைக் கழற்றினார். கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாச் சாம்பிளும் நிராகரிக்கப்படுகிறது, மறு டெண்டர் விடப்படும் என்று சொன்னார். கருப்பாத்தாளின் பதிவில் இருந்த வார்த்தையையும் மாற்றச் சொன்னார். துணியில் குறை எதுவும் இல்லை என்று எழுதினார்கள்; அதற்கு ஆதாரம் வேண்டும் என்று சட்டையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

அருள்குமாரையும் சேர்த்து ஆறுபேரும் காண்டீனுக்குப் போனார்கள். திருமூர்த்தி அங்கே எல்லோருக்கும் டீ சொல்லிவைத்திருந்தார். சீனிவாசலுவுக்கும் சேர்த்து.

திரும்பி வரும்போது சூலூர் பக்கம் போலீஸ்காரர் டெம்போவை நிறுத்தினார். ஓட்டைப் பனியனோடு வண்டி ஓட்டுகிறவனை மேலும் கீழும் பார்த்தார்.

“சட்டை எங்கடா?”

“கவர்மெண்டு எடுத்துக்கிச்சுங்க.”

“லொள்ளா?”

பக்கத்திலிருந்து கருப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள். “உண்மைதானுங்க சார். பரிசோதனைக்குப் போயிருக்குது. நல்ல சட்டைங்க. தேறிரும்.”

போலீஸ்காரர் ஒரு பட்டுச்சேலையையும் ஓர் ஓட்டைப் பனியனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கு வம்பு என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார்.

மறு டெண்டர் வந்தது. அதில் புதிதாக ஒரு விதி ஏறியிருந்தது. மாதிரித் துணியில் மஞ்சள், குங்குமம், சந்தனம், விபூதி, தையல் குறி, வாசனைத் திரவியம் எதுவும் இருக்கக்கூடாது. தறிக்காரர்கள் மத்தியில் அதற்குக் கருப்பாத்தா ரூலு என்று பெயர் விழுந்தது. பேருக்குச் சொந்தக்காரிதான் மாட்டிக்கொண்டாள். முன்னே தெரியாமல் செய்ததாகச் சொல்லலாம். இப்போது தன் பேரிலேயே விதி. மஞ்சள் வைத்தால் ரிஜெக்ட், வைக்காவிட்டால் எழவுத் துணி.

சாம்பிள் கொடுக்கிற அன்று காலையில் அவள் மடித்த துணிக்கு முன்னால் மஞ்சள் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். இரும்புக்காரர் லாரியோடு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். திருமூர்த்தி டீக்குக் கிளம்பி, மனசு கேட்காமல் வாசலிலேயே நின்றார். காளிச்சாமிக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“ஏனுங்க்கா, ஒரே ஒரு தடவை வெக்காம உட்டா என்ன ஆயிரும்?”

“உன்ற கல்யாணத்துக்கு உங்க மாமன் மஞ்சள் வெக்காத வேட்டி குடுத்திருந்தாக் கட்டியிருப்பயா?”

“கட்டியிருக்க மாட்டனுங்க.”

“அந்தப் புள்ளைங்க கேக்கறதுக்கு ஆள் இல்லாம விடுதியில கெடக்குது. அதுகளுக்குன்னா மட்டும் வெக்காமக் குடுத்தறலாமா?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகம் தெளிந்தது.

“துணியை யாரு கொண்டுபோறது?”

“நான்தானுங்க.”

“குனி.”

குனிந்தான். துணிக்கு வைக்கவேண்டிய மஞ்சள் அவன் நெற்றியில் ஏறியது. அப்புறம் இரண்டு கன்னத்திலும். கை தாராளமானது, காதோரம், கழுத்து என்று போனது. விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் வைக்கவேண்டியதை அவன் ஒருத்தன் முகத்திலேயே வைத்து முடித்தாள்.

“கையில மட்டும் படக்கூடாது. உறையைத் தவிர எதையும் தொடாத. மூஞ்சி அரிச்சாலும் சொறியாத” என்றாள்.

கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை முகம் அரித்தது. அவன் சொறியவில்லை. சிக்னலில் பக்கத்துப் பஸ்ஸில் இருந்தவர்கள், மாப்பிள்ளை மண்டபத்திலிருந்து தப்பித்து வந்துவிட்டான் என்று பேசிக்கொண்டார்கள். ஆபீசில் நுழைந்ததும் அருள்குமார் நிமிர்ந்து பார்த்தார்.

“இவரு யாருங்க?”

“போன தடவை சட்டை குடுத்தவருங்க சார்” என்றார் குமாஸ்தா.

அருள்குமார் புது விதியை எடுத்துப் படித்தார். காளிச்சாமியைப் பார்த்தார். மறுபடி படித்தார். “சாம்பிள்ல இல்லை. ஆள் மேலதான் இருக்குது. வாங்கிக்குங்க.”

ஆர்டர் கருப்பாத்தாளுக்குக் கிடைத்தது. இரும்புக்காரருக்கு ஒரு டீயும் வடையும் கொடுத்து லாரியைத் திருப்பித் தாட்டிவிட்டாள். குடோனில் ஒரு தறிகூட சும்மா நிற்கவில்லை. சரக்கை அனுப்புகிற அன்று ஒவ்வொரு துணிப் பேலிலும் மூலைக்கு மூலை மஞ்சள் வைத்தாள். சோதிக்க வந்தவர் திடுக்கிட்டுக் கேட்டதற்கு, “அந்த ரூலு சாம்பிளுக்குத்தானுங்க. சரக்குக்குன்னு எங்கயாச்சும் போட்டிருக்குதா?” என்றாள். அவர் போன் போட்டு அருள்குமாரைக் கேட்டார். அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. சரக்குப் போய்ச் சேர்ந்தது.

சட்டைதான் வரவில்லை. காளிச்சாமி ஆபீசுக்கு நடையாய் நடந்தான். பரிசோதனையில் துணி நன்றாகத் தேறியது, அதற்காக அதை இழுத்துக் கிழித்தாயிற்று என்றார் குமாஸ்தா.

“பையி?”

“பையும்தான்.”

“சீப்பையுமாங்க இழுத்துப் பாத்தீங்க?”

குமாஸ்தா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

சரி, நமக்கு அக்கா இருக்கிறாள் என்று அவளிடம் வந்தான். குடோனில் வெள்ளைத் துணி மலைமாதிரி கிடந்தது. அவள் அசையவில்லை.

“அந்தச் சட்டையேதான் வரோணும் காளி. வேற ஒண்ணு நான் குடுத்தா, அவங்க கிழிச்சது சரின்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். உட்றாத. கேட்டுட்டே இரு.”

அதன்பிறகு எந்த நோம்பி, பண்டிகை வந்தாலும் அவன் மனைவி மாரியாத்தாளுக்குச் சேலை வரும். அவனுக்கு வேட்டி வரும், துண்டு வரும். சட்டை மட்டும் வராது. “இன்னுமா தரலை? என்ன ஆபீசு அது!” என்று அவனைவிட அதிகமாகக் கருப்பாத்தாள்தான் கோபப்படுவாள்.

போன வருஷம் அவளை அதே கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காளிச்சாமி டெம்போவை ரோட்டோரம் விட்டுவிட்டுப் பார்க்கப் போனான். ஆள் பாதியாகியிருந்தாள். வாய் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியில் உடுத்தக் கொடுத்த புது அங்கியில் மஞ்சள் வைத்துவிட்டதாக நர்ஸ் அவனிடம் புகார் சொன்னாள். எங்கிருந்து மஞ்சள் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

திருமூர்த்தி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து பேச ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போனார். ஆனால் உடனே திரும்பி வந்துவிட்டார். டீ குடித்த மாதிரி தெரியவில்லை.

டாக்டர் போனபிறகு கருப்பாத்தாள் காளிச்சாமியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். சட்டையைப் பற்றித்தான் சொல்லப்போகிறாள் என்று அவன் நினைத்தான். இந்த நேரத்தில் போய் அவள் சட்டை கொடுத்தால் வாங்கக்கூடாது, திட்டிவிட்டுப் போகவேண்டும் என்றும் முடிவு பண்ணிக்கொண்டான்.

“குடோன்ல பீரோவுக்குள்ள அந்த ஆர்டர்த் துணி கொஞ்சம் மடிச்சு வெச்சிருக்கறேன்” என்றாள். “எனக்குக் கோடி அதுலதான் போடோணும். கடையில எடுக்காதீங்க.”

“என்ன பேச்சுங்க்கா இது? போச்சாது, உடுங்க.”

“சொல்றதைக் கேளு. போடறப்ப மூலையில மஞ்சள் வெச்சுப்போடு.”

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழுகை வருவதற்கு முன் அவனுக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

“ஏனுங்க, கோடித்துணிக்கு மஞ்சள் வெக்கக்கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? அதுக்கோசரம் என்ற மூஞ்சி முச்சூடும் அப்பி உட்டீங்க. இப்ப வந்து வெக்கச் சொன்னா?”

“அதுக்குத்தான் சொல்றேன். மறக்காம வெச்சுப்போடு, கண்ணு” என்றாள் கருப்பாத்தாள். “அங்கயும் எவனாச்சும் ஒருத்தன் விரிச்சுப் பாப்பானல்ல? அடையாளம் இருக்குது, ரிஜெக்ட்டுன்னு சொல்லித் திருப்பித் தாட்டி உட்டுருவான். நான் பொழுதோட ஊடு வந்து சேந்துருவேன்.”